தராசுத் தட்டில் ஏறிய வெல்லக்காரர்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வெல்லம் விற்றவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கட்டியை உடைத்து, ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்து, இது எந்தப் பக்கத்துக் கரும்பு, எந்தத் தண்ணீர் பாய்ந்தது என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான். அவர் கோமதிநாயகம் பிள்ளை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆரல்வாய்மொழி வழியாகத் தலைச்சுமையோடு நடந்து வந்து, சொந்தக் கையால் மண்டி வைத்தவர். பி.ஏ. படித்த எவனாவது அப்படி ஒரு மண்டி வைத்துக் காட்டியிருந்தால் பெயரைச் சொல்லட்டும்.

தராசு விஷயத்தில் அவர் நெருப்பு. "என் தட்டுல ஈ உக்காந்தாக்கூட அதை விரட்டிட்டுத்தான் நிறுப்பேன், கேட்டோ" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள், ஆனால் வேறு கடைக்குப் போக மாட்டார்கள்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதின்மூன்றில், அதாவது இங்கிலீஷ் கணக்குக்கு 1938 வாக்கில், அந்த மனிதரின் வலக் கன்னத்துக்குள், புகையிலையை ஒதுக்கி வைத்த இடத்தில், ஒரு புண் வந்தது. ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வேதமாணிக்கம் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, புற்று என்றார். ரேடியம் ஊசியைக் கன்னத்தில் சில நாள் குத்தி வைத்து எடுத்தார்கள். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். வலிக்குப் பயந்த ஆளா அவர்?

பயம் வேறு இடத்திலிருந்து வந்தது. வாய் முழுக்க வெந்து போயிற்று. அதைவிட, நாக்கு செத்துவிட்டது. பால், மோர், பழம் எல்லாம் ஒரே ஈயப் பாத்திரத்தை நக்குகிற மாதிரி இருந்தது. ஒருநாள் கடையில் புதுச் சரக்கு இறங்க, வழக்கம்போல் ஒரு துணுக்கை வாயில் போட்டார். ஒன்றும் தெரியவில்லை. மண் கட்டியா வெல்லக் கட்டியா என்றே தெரியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பின்கட்டுக்குப் போனவர், அதன்பின் கடைப்பக்கமே வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெருவையே பேச்சால் நிரப்பியவர், கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். மனைவி முத்தாரம்மாள் கல்லாவில் உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்த்தாள்.

"ரெண்டாம் தடவை ஊசி வச்சாத்தான் முழுக்கக் குணமாகும், பிள்ளைவாள்" என்றார் டாக்டர். "ஆனா இந்த மெலிஞ்ச உடம்புல வச்சா புண் ஆறாது, ஆளையே சாய்ச்சிரும். மொதமொதல்ல இங்க வந்தப்ப இருந்த எடைக்கு வந்து சேருங்க. திங்கக்கிழமை தோறும் நிறுத்துப் பாக்கேன்."

எடைக்கா பஞ்சம்? அடுத்த திங்கட்கிழமையே எடை ஏறியது. அதற்கடுத்த வாரம் இன்னும் ஏறியது. டாக்டர் மகிழ்ந்து போய் ஊசிக்கு நாள் குறித்தார்.

முத்தாரம்மாளுக்குத்தான் கணக்குப் பிடிபடவில்லை. வைத்த கஞ்சி அப்படியே இருக்கிறது. மனுஷர் எப்படித் தேறுகிறார்? கடையில் வேறு எடைக்கல் இரண்டைக் காணோம். தேடிக்கொண்டே இருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய வேட்டியைத் துவைக்கும்போது, இடுப்பு மடிப்பில் இரண்டு வட்டமாகத் துருக்கறை. கறையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவர் தலைமாட்டுப் பெட்டியைத் திறந்து, கற்கள் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

டாக்டர் மேஜைமேல் கற்களை வைத்தாள். "இதுதான் டாக்டரய்யா, தேறினது."

டாக்டர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அப்ப இத்தனை நாளும் நான் இரும்பையா வளத்தேன்?" என்றார். சிரிப்பு வந்தாலும் முகம் வெளுத்துவிட்டது. "இந்த எடையை நம்பி ஊசியை வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியுமாம்மா? இனிமே நிஜ எடை ஏறாம ஊசி கிடையாது. சூடு, புளி, காரம் ஒண்ணும் வேண்டாம். கொஞ்சங்கொஞ்சமா, அடிக்கடி கொடுங்க. அதைவிட முக்கியம், அவரைத் தனியா உக்கார விடாதீங்க. வாய்க்கு முன்னால அவர் மனசுதான் பட்டினி கிடக்கு."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஊர்ல ஒருத்தனுக்கும் ஒரு ராத்தல் குறைச்சுப் போட்டதில்லையே. உங்களுக்கு நீங்களே குறைச்சுக்கிட்டீங்களே" என்றாள் அவள்.

"ஒண்ணும் உள்ள இறங்கலை, அதான் கல்லைக் கட்டினேன். எந்த மொகத்தை வச்சுக்கிட்டு இனி டாக்டர் தராசுல ஏறுவேன்?"

"அதுல ஏற வேண்டாம். அம்மன் கோயில்ல துலாபாரம் நேந்துட்டேன். உங்க எடைக்கு எடை வெல்லம். பங்குனி உத்திரத்துக்கு, குளிச்சு ஈர வேட்டியோட உக்காரணும். மடியில ஒண்ணும் மறைக்க ஏலாது."

துலாபாரச் செய்தி தெருவில் பரவிற்று. பக்கத்து மண்டி சிவதாணு பின்கட்டுக்கே வந்துவிட்டான். இருவருக்கும் தொழிலில் போட்டி. ஆனால் ஒருவரை ஒருவர் வம்பிழுக்காமல் ஒருநாளும் விடிந்ததில்லை.

"அண்ணாச்சி, வெல்லத்துக்கு வண்டி பிடிக்கணுமா, இல்லை அண்ணி முந்தானையிலயே கொண்டுபோயிருவாளா?"

"என்னவே சொல்லுதீரு?"

"நான் உக்காந்தப்போ மூணு சாக்கு வச்சும் தட்டு எந்திரிக்கலை. சாலைத்தெருவுலயே பெரிய வெல்ல மண்டி, சாமிக்கு ஒரு கூடை வெல்லம்னா நல்லாவா இருக்கும்? அதுதான் கேட்டேன்."

பிள்ளையின் முகம் சிவந்தது. சுவரை விட்டுத் திரும்பி உட்கார்ந்தார். "முத்தாரம், அந்தக் கஞ்சியை எடு."

"இங்க இல்ல. கடையில இருக்கு" என்றாள் அவள், சிவதாணுவுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டே. அவள் கையால் அவனுக்குக் காப்பி கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு கடையில்தான். பின்கட்டுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட அனுப்ப மறுத்துவிட்டாள். கூவைக்கிழங்கு மாவைப் பாலில் காய்ச்சி ஆறவைப்பாள். ஏத்தன் பழத்தை அவித்து, நார் எடுத்து, நெய்யோடு மசிப்பாள். பருப்பைக் குழைய வேகவைத்துத் துணியில் வடிப்பாள். முதலில் ஒவ்வொரு கரண்டிக்கும் கண்ணில் நீர் வந்தது அவருக்கு. ஆனால் கடை என்றால் ஆள் வரும், ஆள் வந்தால் பேச்சு வரும். ஆரல்வாய்மொழி நடையை அவர் சொல்ல ஆரம்பித்தால், ஒவ்வொரு தடவையும் தலைச்சுமை கொஞ்சம் கனம் கூடும். பக்கத்துக் கடையிலிருந்து சிவதாணு, "போன வாரம் அரைச் சாக்குதானே இருந்துது, அண்ணாச்சி" என்று கத்துவான். சண்டை முடிந்து குனிந்து பார்த்தால் கிண்ணம் காலியாக இருக்கும்.

"நான் தின்ன ஒவ்வொரு ராத்தலுக்கும் அம்மனுக்கு ஒரு ராத்தல் அழணும். எனக்கு நானே செலவு வைக்கேன் பாத்தீரா" என்று வாடிக்கைக்காரர்களிடம் பெருமையாக அலுத்துக்கொண்டார்.

உத்திரத்தன்று கோயிலில் தெருவே கூடிவிட்டது. டாக்டர் வேதமாணிக்கம் கிறிஸ்தவர். மதிலுக்கு வெளியே, வாசலுக்கு நேராகக் குடையோடு நின்றார். பிள்ளை ஆஸ்பத்திரித் தராசுக்கு வர மாட்டார் என்பதால், எடை பார்க்க அவரே வந்துவிட்டார். ஊசிக்கு முன் ஆஸ்பத்திரியில் முதன்முதலில் பார்த்த எடை என்னவோ, அதே அளவு வெல்லத்தை முத்தாரம்மாள் கடையிலேயே நிறுத்துக் கொண்டுவந்திருந்தாள். அது பிள்ளைக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். வெல்லம் தீர்வதற்குள் பிள்ளையின் தட்டு மேலே போய்விட்டால், ஊசி இல்லை.

ஈர வேட்டியோடு வந்து தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பூசை செய்யும் போற்றி மறுதட்டில் ஒவ்வொரு கட்டியாக அடுக்கினார். குவியல் குறைந்துகொண்டே வந்தது. பிள்ளை சங்கிலியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். தட்டு லேசாக ஆடிற்று. முத்தாரம்மாளின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"வெல்லம் தீந்நு போயி" என்றார் போற்றி.

பிள்ளை கண்ணைத் திறந்தார். அவர் தட்டு இன்னும் தரையைத் தொட்டபடியே இருந்தது.

"வெல்லக்காரர் வீட்டுத் துலாபாரத்துக்கு வெல்லம் பத்தலையாம்" என்று சொல்லிக்கொண்டே சிவதாணு தோளில் கிடந்த சிறு மூட்டையை அவிழ்த்தான். தன் பங்கு நேர்ச்சைக்குக் கொண்டுவந்தது. அதில் சில கட்டிகள் போனபின்தான் தட்டுகள் சமமாக நின்றன.

வாசலில் டாக்டர் குடையை மடக்கினார். "ஈர வேட்டிக்குக் கழிச்சாலும் பாஸ்தான், பிள்ளைவாள்."

போற்றி மேலே இருந்த கட்டியிலிருந்து ஒரு துண்டை உடைத்துப் பிரசாதமாகக் கொடுத்தார். பிள்ளை அதை வாயில் போட்டுக்கொண்டு இறங்கினார். இரண்டடி வைத்தவர் நின்றுவிட்டார். கன்னத்தை ஒருபக்கம் ஒதுக்கி, நாக்கைச் சுழற்றினார். எல்லோரும் வலி என்று நினைத்தார்கள். முத்தாரம்மாள் கிட்டே ஓடினாள்.

"வே சிவதாணு" என்றார் பிள்ளை மெதுவாக. "இது உம்ம சரக்குதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"உப்புக் கரிக்குது. உப்புத் தண்ணி பாஞ்ச கரும்புவே இது. இதைப் போயி சாமிக்கு வச்சீரே."

முத்தாரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெரு முழுக்கச் சிரித்தது. சிவதாணுதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான். அவன் சரக்கைக் குறைசொன்னபோது அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிள்ளை வாசலுக்கு வந்து டாக்டர் முன் நின்றார். தலை நிமிர்ந்தே இருந்தது.

"திங்கக்கிழமை ஊசிக்கு வாறேன், டாக்டரய்யா. இந்தத் தடவை உங்க தராசுல ஏறுதேன். வேணும்னா மடியைச் சோதிச்சுக்கிடுங்க."