கொட்டாஞ்சேனையில் கதிரை கேட்டு வருபவர்கள்

கொட்டாஞ்சேனையில் பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றுக்குள் இயங்கும் சமகாலக் கலை நிலையத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருக்கிறேன். லாப நோக்கம் இல்லாத நிலையம். நோக்கம் இருந்தாலும் லாபம் வராது போல. சுவரில் அதன் வரலாறு மூன்று மொழிகளில் தொங்குகிறது. உரிமையாளர் கட்டடத்தை விற்கப் போனபோது 'சமூகத்தின் ஆதரவால்' தப்பியதாம்.

"எந்தச் சமூகம்?" என்று பொறுப்பாளர் ஸ்டெலாவிடம் கேட்கிறேன்.

"இந்த ரோட்டுச் சனம்தான். ஒருத்தரும் உள்ளுக்கு வந்து படம் பாத்ததில்ல. ஆனா எந்தச் செத்த வீட்டுக்கும் எங்கட கதிரைதான் போகும், சும்மா குடுக்கிறனாங்கள். வித்தா கதிரைக்கு எங்க போறது எண்டு வாசல் கேற்றை மறிச்சுக் குந்திக்கொண்டு இருந்தவை."

"நிலத்திலா?"

"சீச்சீ, எங்கட கதிரையில."

இன்று மாலை புதிய கண்காட்சி திறப்பு. விருந்தினருக்காகக் கதிரைகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கின்றன. வாசலில் சின்ன லொறி ஒன்று வந்து நிற்கிறது. இறங்கியவர் சவரம் செய்யாத முகத்தோடு தயங்குகிறார்.

"அக்கா, அப்பா போயிட்டார்."

ஸ்டெலா அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். "எல்லாத்தையும் ஏத்துங்கோ."

"இண்டைக்கு உங்கட திறப்பு விழா எல்லோ?"

"படம் நிண்டுதானே பாக்கிறது."

பிறகு என்னைப் பார்க்கிறார். எழும்பி, என் கதிரையைத் தூக்கிக்கொண்டு லொறிக்குப் போகிறேன்.