படத்தில் மூன்றாவது ஆள்

கல்லைக் கல்லால் ஓங்கித் தட்டினால் கருகிய மயிர் போல ஒரு வாசனை எழும். பூண்டி ஏரிக்கு மேற்கே எங்கள் ஓடைக்கரையில் சாலைக்கு ‘ஜல்லி’ உடைக்கும் பெண்களின் சேலைகளில் அது ஏறியிருக்கும். என் அம்மாவின் சேலையிலும் ஏறியிருந்தது, அவள் மடியில் வளர்ந்த எனக்கு எட்டாம் வகுப்பு வரை அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அறுபதுகளின் கடைசியில் ஒருநாள் அறிவியல் வாத்தியார் சுவரில் ஒரு படத்தை மாட்டினார். இடது ஓரத்தில் குரங்கு, வலது ஓரத்தில் நிமிர்ந்த மனிதன், இடையே கொஞ்சம் கொஞ்சமாக நிமிரும் மூன்று பேர். சரியாக நடுவில் நின்ற மூன்றாவது ஆள் கூனல் முதுகும் சரிந்த நெற்றியுமாகக் கையில் ஒரு கல்லைப் பிடித்திருந்தான். “இவனுக்குப் பாதி மூளைதான். கல்லைத் தட்டுவான், வேற ஒண்ணும் தெரியாது. நம்ம ஓடையிலகூட இவன் செஞ்ச கல்லு கிடைக்குது,” என்றார் வாத்தியார். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “அது இவ அம்மா சார்,” என்றாள். வகுப்பு சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். அன்றிலிருந்து என் பெயர் ‘மூணாவது ஆளு’.

அவர் சொன்ன கல்லை எனக்குத் தெரியும். ஒரு முனை கூர்ந்து, மாவிலை அளவில், இரண்டு பக்கமும் செதுக்கியது போலிருக்கும், ‘இலைக்கல்லு’ என்போம். மெலிதாக இருப்பதால் இரண்டே அடியில் ஜல்லியாகிவிடும் என்று பெண்கள் அவற்றைத்தான் முதலில் தேடி உடைப்பார்கள். எத்தனை ஆயிரம் ஆண்டுக் கைவேலை அப்படி நொறுங்கியதோ, எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அந்த வருடம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. பரிசு பெறுவது திருவள்ளூருக்குப் போகும். எனக்குத் திருவள்ளூர் போக ஆசைதான். அதைவிட, அந்த மூன்றாவது ஆளுக்கு மூளை பாதியில்லை என்று அந்த வகுப்பின் முகத்துக்கு நேரே காட்டவேண்டும் என்ற வெறி இருந்தது. ஒரு இலைக்கல்லை அம்மாவிடம் கொடுத்து, இதே போல ஒன்று செய்து தரச் சொன்னேன். அவள் அதை வெகுநேரம் புரட்டிப் பார்த்தாள்.

“இது தானா உடைஞ்சது இல்லடி. திருப்பித் திருப்பித் தட்டிக்கீறான். இந்தப் பக்கம் தப்பா பூட்ச்சி, அந்தப் பக்கம் தட்டி சரி பண்ணிக்கினான். யோசனைக்காரன்.”

வாழ்நாளெல்லாம் கல் உடைத்தவள் கையில் முதல் இரண்டு கற்கள் குறுக்கே பிளந்தன. மூன்றாவது தேறும்போது பொழுது சாய்ந்துவிட்டது. “எனுக்கு ஒரு ஞாயித்துக்கிழம பூரா பூட்ச்சி. அவனுக்கா பாதி மூளைன்றாரு உங்க வாத்தியாரு?” என்றாள்.

கண்காட்சி அன்று பழைய கல்லையும் அம்மா செய்ததையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். விளக்கச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே, பரிசு கொடுக்க வந்திருந்த அதிகாரி என் மேசைக்கு வந்து, அம்மா செய்த கல்லை எடுத்தார். ஆதி மனிதனின் கைத்திறனுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று தலைமையாசிரியருக்கு வெகுநேரம் விளக்கினார். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பரிசு எனக்குத்தான்.

“சார், அது எங்கம்மா போன ஞாயித்துக்கிழம செஞ்சது. பழசு அதோ, மழுங்கிக் கிடக்குதே, அது,” என்றேன்.

கல் சுட்டுவிட்டது போல அவர் அதைக் கீழே வைத்தார். தலைமையாசிரியர், “ரெண்டையும் உங்கம்மாதான் உடைச்சிருப்பா. பெரியவங்களை ஏமாத்தப் பாக்கிறியா?” என்று இரண்டையும் எடுத்துச் சுவருக்கு அப்பால், சாலைக்குக் கொட்டியிருந்த கற்குவியலில் எறிந்தார். “மூணாவது ஆளுக்குப் பொய் சொல்ற அளவுக்கு மூளை வளந்துகினு வருது,” என்று எவளோ சொன்னாள். பரிசு ஒரு மின்சார மணிக்குப் போனது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அந்த ஆபீசரு எத்த நல்லா கீதுன்னாரு?”

“உன்னுத.”

“அப்ப அவனும் நானும் ஒண்ணுன்னு அவரே சொல்ட்டாரு. துன்னுட்டுப் படு.”

அடுத்த வாரம் அந்தக் குவியல் அவள் பங்குக்கு வந்தது. இரண்டு கற்களையும் அவளே உடைத்தாள். “பாத்ததுமே தெரிஞ்சிச்சி. மேஸ்திரி நின்னுகினு இருந்தாரு, நான் இன்னா பண்றது,” என்றாள்.

அந்தப் படமே தவறு என்று இப்போது படிக்கிறேன். யாரும் வரிசையில் நின்று நிமிரவில்லையாம். ஒரே மரத்தில் பல கிளைகள், சில பட்டுப்போயின. மூன்றாவது ஆள் நம் பாட்டனாக இல்லாமல், வாரிசில்லாமல் அழிந்த ஒரு பங்காளியாகவும் இருக்கலாம். ஓடைக்கரையை லாரிகள் வழித்துவிட்டன, இலைக்கல் ஒன்றுகூட இல்லை. கல்தூசி நெஞ்சில் இறங்கி, இருமி இருமி, போன வருடம் அம்மாவும் போய்விட்டாள்.

அவள் இருந்தபோதுதான் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று கொடுத்த படிவத்தில் தாயின் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. பள்ளிக் கண்காட்சியில் அதிகாரியின் முன்னால் அத்தனை பேர் கேட்க உண்மை சொன்ன நான், அதில் ‘இல்லத்தரசி’ என்று எழுதினேன். “அம்மா ஊட்லதான் கீறாங்களா, நல்லது,” என்று சொல்லி மேசைக்காரர் முத்திரை குத்தினார். அந்த நேரம் அவள் வேப்பம்பட்டுப் பக்கம் ஏதோ ஒரு சாலைக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்தாள்.