கண்மாய்க்குள் பற்றிய புல்லும் என் வண்டியின் அடித்தகடும்

வைகாசிக் கடைசி, நான் பாடம் நடத்தும் பள்ளி திறப்பதற்கு முன் ஆறு நாள் மிச்சமிருந்தது. கணவர் முருகேசனுக்கு முழங்கால் அறுவை முடிந்து ஏழு வாரம். காரில் போகலாம், வாக்கர் இல்லாமல் நடக்கத்தான் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளைப் பார்த்துவிட்டு, கண்மாய்க் கரைப் பாதைகளில் வண்டியை ஓட்டிப் பார்ப்பது திட்டம். ஓட்டுவது நான். எங்களுடையது பழைய ஃபோர் வீல் டிரைவ், பெட்ரோல் வண்டி.

கிளம்பும் முன் ஸ்கிட் பிளேட் மாட்டினேன். வண்டியின் அடிவயிற்றில் பூட்டும் தகடு அது. போன தடவை கொல்லிமலையில் ஒரு கல் ஆயில் சேம்பரை உரசியதிலிருந்து எனக்குக் கல் என்றாலே பயம். திருச்சிக் கடைக்காரர் மூன்று வகை காட்டினார். நான் கேட்டது ஒரே கேள்விதான்: "எது ரொம்பக் கெட்டி?" அவர் எடுத்து வைத்தது நான்கு மில்லிமீட்டர் இரும்பு, முன் பம்பரிலிருந்து கியர்பாக்ஸ் வரை ஒரே தகடு. காற்றுக்காக விட்டிருந்த ஓட்டைகள் வழியாகக் கல் ஏறுமோ என்று அவற்றையும் அடைக்கச் சொன்னேன். "அடைக்கணுமா மேடம்?" என்று அவர் இரண்டு முறை கேட்டார். அடைக்கத்தான் வேண்டும் என்றேன். ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

திருச்சியில் காலை ஐந்தரைக்குக் கிளம்பி, புதுக்கோட்டை, திருமயம் வழியாக ஏழே முக்காலுக்குக் காரைக்குடி. தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். சாப்பிட்டுவிட்டு பெட்ரோல் டேங்கை நிரப்பினோம். கோட்டையூரில் இரண்டு வீடுகளை வெளியிலிருந்தே பார்த்தோம். படியேற அவரால் முடியாது. பத்தரைக்கு நேமத்தான்பட்டி போகும் வழியில் ஒரு மண்பாதையில் திரும்பினேன். அது போய்ச் சேர்ந்த கண்மாயின் பெயரை எழுதப் போவதில்லை. படித்துவிட்டு யாராவது அதற்குள் வண்டியை இறக்கிவிட்டால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

கண்மாய் வற்றிக் கிடந்தது. தரை முழுக்க முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். ஒரு கல் கூடக் கண்ணில் படாததால் எனக்கு ஒரே நிம்மதி. இருபது நிமிடம் புல்லுக்குள்ளேயே ஓட்டினேன். அடியில் தகடு புல்லைத் தடவும் சத்தம் மழை பெய்வது போல இருந்தது. அதை நான் ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினொன்று நாற்பதுக்கு வைக்கோல் கருகும் வாடை. "யாரோ எதையோ கொளுத்துறாங்க" என்றார் அவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு கியர் கம்பியைச் சுற்றி நூல் போலப் புகை வந்தது. உடனே நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இறங்கிக் குனிந்து பார்த்தேன். தகட்டுக்கு மேலே, சைலன்சர் குழாயை ஒட்டிச் சிவப்பாக ஏதோ ஒளிர்ந்தது. தகட்டின் பின் விளிம்பிலிருந்து ஒரு தீத்துளி சொட்டியது. விழுந்த இடத்தில் புல் பற்றிக்கொண்டது.

நான் ஓடினேன். எட்டுத் தப்படி, பின்னால். அதற்குப் பிறகுதான் அவர் உள்ளே இருப்பது புத்தியில் உறைத்தது. காலில் நீளக் கட்டு, வாக்கர் பின் சீட்டில். வீட்டு வாசலில் நான் பிடித்துக்கொண்டாலே அவர் இறங்க நான்கு நிமிடம் ஆகும். காற்று அடித்துக்கொண்டிருந்தது. டேங்கில் நாற்பத்தைந்து லிட்டருக்குக் குறையாமல் பெட்ரோல்.

தூரத்தில் நூறு நாள் வேலைப் பெண்கள் மடைப் பக்கம் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மண்வெட்டியோடு ஓடிவந்தபடியே கத்தினார்: "ஏ தாயி! புல்லுல நிப்பாட்டாதீக! அங்குட்டுப் பள்ளத்துக்கு ஓட்டுங்க! அங்க மொட்டத் தரை!"

வயலுக்குப் போடக் கரம்பை மண் வெட்டியெடுத்த பள்ளம் ஒன்று இடப்புறம் தெரிந்தது. புல்லே இல்லை. ஆனால் அங்கே போக, எரிகிற வண்டியில் மறுபடி ஏறி இன்ஜினைப் போட வேண்டும். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. சாவியைத் திருப்பும்போது கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி கிளம்பியது. அவர் டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பிறகு எண்ணிப் பார்த்தேன், எழுபத்திரண்டு அடி. அன்றைக்கு அது முடியவே இல்லை.

பள்ளத்தில் நிறுத்தியதும் மண்வெட்டிக்காரரும் இன்னொருவரும் கதவைத் திறந்து, அவரைத் தோளில் தாங்கி இழுத்துப் போய் உட்கார வைத்தார்கள். கால் இடித்து அவர் அலறினார். மற்றவர்கள் வேப்பங்கொப்பு ஒடித்துப் புல்லில் பரவிய தீயை அடித்தார்கள். வண்டிக்கு அடியில் மண்ணை வாரி இறைத்தார்கள். அத்தனையும் தகட்டில் பட்டுப் பட்டுக் கீழேயே விழுந்தது.

"தகடு மறைக்குதே, தீ மேலதான இருக்கு! மேல தொறங்க!" என்றார் அந்த மண்வெட்டிக்கார அக்கா. பெயர் பாண்டியம்மாள் என்று பிறகுதான் கேட்டுக்கொண்டேன்.

"கலா, முழுசாத் திறக்காதே! காத்து பட்டா குப்புனு எரியும்!" தரையில் உட்கார்ந்தபடி என் கணவர் கத்தினார்.

பானட்டை நான்கு விரல் அளவு மட்டும் தூக்கிப் பிடித்தேன். அந்த இடுக்கு வழியாக அவர்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். ஐந்து குடம். ஆவி முகத்தில் அடித்தது. ஐந்தாவது குடத்தில் சீறல் நின்றது. தீயணைக்கும் உருளை எங்களிடமும் இருந்தது. டிக்கியில், மூன்று பைகளுக்கு அடியில்.

புல்லில் ஒரு வகுப்பறை அளவு கருகியிருந்தது. நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. "அழுகாதீக. முதல்ல அந்தண்ணன் காலப் பாருங்க" என்றார் பாண்டியம்மாள். கட்டு பிரியவில்லை. மாலை காரைக்குடி மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தோம், முழங்காலுக்குச் சேதமில்லை.

வண்டியை டிராக்டர் கட்டி இழுத்து, செக்காலை ரோட்டை ஒட்டிய ஒரு பட்டறைக்குக் கொண்டு வந்தோம். மெக்கானிக் சேகர் பதினான்கு போல்ட்டைக் கழற்றியதும் அரை மூட்டை கரிப்புல் கொட்டியது. அவர் பெட்ரோல் போகும் ரப்பர் குழாயை எடுத்து என் கையில் வைத்தார். மேல்தோல் உரிந்து, உள்நூல் தெரிந்தது. அன்று இரவு லாட்ஜில் நான் தூங்கவில்லை.

மறுநாள் புதுத் தகடு பற்றிப் பேசினோம். சேகர் கேட்டார்: "நீங்க கல்லுல போவீகளா, புல்லுல போவீகளா?"

"ரெண்டுலயும்தான்."

"அப்ப ஒரே தகடு வேணாம்க்கா. மூணாப் பிரிச்சுப் போடுவோம். சைலன்சருக்கு நேரா ஒண்ணும் வராது. புல்லு ஏறுனாலும் கீழ விழ வழி வேணும்ல?"

அப்படியே செய்தோம். ஆயில் சேம்பருக்குக் கீழே மூன்று மில்லி இரும்பு. கியர்பாக்ஸுக்கு ஐந்து மில்லி அலுமினியம். டேங்குக்குத் தனியாக ஒன்று. கையை விட்டுத் துழாவும் அளவுக்கு ஓட்டைகள். ஒவ்வொன்றையும் நான்கு போல்ட்டில் தனித்தனியாகக் கழற்றலாம். கருகிய ஒயரும் குழாயும் மாற்றியது சேர்த்து இருபத்தோராயிரத்து அறுநூறு ரூபாய், இரண்டு நாள்.

நீங்கள் தகடு வாங்கப் போனால், கெட்டி எவ்வளவு என்பதைக் கடைசியில் கேளுங்கள். உள்ளே போவது எந்த வழியாக வெளியே வரும் என்று முதலில் கேளுங்கள். கடைக்காரர் இரண்டாம் தடவை கேட்டால் ஏன் கேட்கிறார் என்று நின்று கேளுங்கள். காய்ந்த புல்லில் ஓட்டாதீர்கள். ஓட்ட நேர்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெறும் தரையில் நிறுத்திக் குனிந்து பாருங்கள். உருளையை ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே வையுங்கள்.

திரும்பும் வழியில், திருமயம் தாண்டியதும் கருகல் வாடை வந்தது. சரளைக்கல் பரப்பாகப் பார்த்து ஒதுக்கி, டார்ச்சோடு அடியில் படுத்துத் தேடினேன். எதுவுமில்லை. யாரோ சாலையோரத்தில் சருகு கொளுத்தியிருக்கிறார்கள். எழுந்து பார்த்தால் அவர் வண்டிக்கு வெளியே, கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"எப்படி இறங்கினீங்க?"

"நீ பட்டறைக்குப் போன ரெண்டு நாளும் லாட்ஜ்ல கட்டில்லேர்ந்து இறங்கிப் பழகினேன்" என்றார். வாக்கர் பின் சீட்டிலேயே கிடந்தது.