முதல் வெட்டுக்கு முன்னால்

அந்தோணிமுத்து கவாத்துக் கத்திரியாலேயே நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொள்கிறார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சுருளியாண்டவா!" என்று ஒரு கூப்பாடு. அதற்கப்புறம்தான் முதல் கிளை விழும். காமயகவுண்டன்பட்டித் திராட்சைப் பந்தலுக்குள் காலை ஏழு மணிக்கு இதைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் விழிப்பார்கள். கழுத்தில் செபமாலை தொங்குகிற ஆளுக்குச் சுருளியாண்டவர் எதற்கு?

"சிலுவ எனக்கு, கூப்பாடு என் சோடிக்காரன் சங்கிலிக்கு. அவன் வாற வரைக்கும் யாராச்சும் கூப்பிடணும்ல?" என்பார்.

அறுபத்திரண்டு வயது. சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளியே போடுவார். டவுன் பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு, அடுத்த நடை வரும்வரை அதே நிறுத்தத்தில் நின்று வாங்கிக்கொள்வார். இடது கையில் சுண்டுவிரல் கிடையாது. யாராவது அதையே பார்த்தால், "நவநாளுக்கு ஒம்போது போதும்யா. மாதா சரியாத்தான் விட்டிருக்காக" என்று எஞ்சியவற்றை விரித்துக் காட்டுவார்.

சங்கிலியும் அவரும் முப்பது வருடம் சோடியாகக் கவாத்துக்குப் போனவர்கள். பந்தலின் ஒரு கடைசியில் இவர், மறு கடைசியில் அவர். பந்தலுக்கு நடுவே ஊன்றிய நடுக்கல்லை முதலில் தொட்டவருக்கு மற்றவர் பரோட்டா வாங்கித் தரவேண்டும். "ஒரு நாக்கூட நான் செயிச்சதில்ல. அவென் கத்திரிச் சத்தம் அங்கன இருந்து மழ மாதிரி வரும். கேட்டுக்கிட்டே நின்டுபோவேன்" என்று சொல்லும்போது அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வேலை முடிந்து சுருளி அருவியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு பஸ் படியில் தொங்கிக்கொண்டு வந்த நாட்களை, ஒரு வளைவுகூட விடாமல் சொல்வார்.

அந்தோணியார் திருவிழாவில் சப்பரத்தின் முன்தண்டு சங்கிலியின் தோளுக்குத்தான். கத்திரி தொலைந்தால் சங்கிலி அந்தோணியாருக்கு மெழுகுதிரி நேர்ந்துகொள்வார். கிடைத்ததும் சுருளியாண்டவருக்குச் சூடம் ஏற்றுவார். இதனால் சாமிகளுக்குள் சண்டை வந்ததாகத் தகவல் இல்லை.

பத்து வருடத்துக்கு முன் சங்கிலியின் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. தேனியில் வைத்தியம் பார்த்தார்கள். மாத்திரைக்குக் குரல்கள் அடங்கின. ஆனால் கையில் நடுக்கம் வந்தது. அந்த மழைச் சத்தம் நின்றுவிட்டது. யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாமல், பாதி வரிசையிலேயே சங்கிலி உட்கார்ந்துவிடுவார்.

போன வருடக் கவாத்தில் அந்தோணிமுத்துவுக்கு ஓர் ஆசை. பழைய சங்கிலியை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

"கவாத்து முடியிற வரைக்கும் மாத்திரய நிப்பாட்டுலே. ராக்கம்மாளுக்குத் தெரிய வேணாம்" என்று காதோடு சொன்னார். மனைவி ராக்கம்மாள் கொடுத்த மாத்திரையைச் சங்கிலி நாக்கடியில் ஒதுக்கி, பந்தலில் வந்து துப்பினார். சில நாட்களில் நடுக்கம் குறைந்தது. கத்திரி பழையபடி பேசியது. அந்தோணிமுத்து நடுக்கல்லில் தோற்றுப்போய், சந்தோஷமாகப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

ஒரு காலையில் சங்கிலி மறு கடைசிக்குப் போகவில்லை. இவர் பக்கமே வந்து நின்றார். அந்தோணிமுத்து இடது கையை உயர்த்திக் கிளையைப் பிடித்திருந்தார். "சுருளியாண்டவா!" என்று சங்கிலியின் கூப்பாடு வழக்கம்போல வந்தது. முதல் வெட்டு விரலில் விழுந்தது. திரும்பியவரின் தோளில் இரண்டு குத்து. "கெள பேசுது அந்தோணி, என்னய ஏசுது" என்று சங்கிலி அழுதார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் காதில் விழுந்தது கூப்பாடு மட்டும்தான்.

சாயங்காலத்துக்குள் ஊர் போன்களெல்லாம் ஒரே செய்தியைச் சொல்லின: சாமி பேரைச் சொல்லி வெட்டிவிட்டான். ஆஸ்பத்திரிக்கு இரண்டு கூட்டம் வந்தது. "மதவெறின்னு எழுதிக் குடுங்க பெரியப்பா, மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்றது ஒன்று. "பைத்தியம்னு ஒத்த வார்த்த சொல்லிருங்க மாமா, ஊரு அமைதியாயிரும்" என்றது ஆப்பிளோடு வந்த இன்னொன்று. இரண்டு கூட்டத்திலும் சங்கிலி எப்படி இருக்கிறார் என்று கேட்க ஓர் ஆள் இல்லை.

அந்தோணிமுத்து இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் தன் தப்பு வெளியே வந்திருக்காது. பழி வேறொரு தலையில் ஏற்கெனவே விழுந்திருந்தது. மாத்திரையைச் சரியாகக் கொடுக்கவில்லை என்று ஊரே ராக்கம்மாளை ஏசிக்கொண்டிருந்தது. வார்டு வாசலில் நின்று அந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்: "பாத்துப் பாத்துத்தானண்ணே குடுத்தேன். எங்கன தவற விட்டேன்?"

இன்ஸ்பெக்டர் வந்து, "வெட்டுறப்ப என்ன கத்துனான்?" என்று கேட்டார்.

"சுருளியாண்டவான்னு."

வாசலில் சலசலப்பு.

"முப்பது வருசமா மொத வெட்டுக்கு முன்னால அதத்தான் சார் கூப்பிடுவான். நான் சிலுவ போடுவேன்."

"அப்ப மனநோய்தான் காரணம்னு எழுதிக்கவா?"

"நோயி பத்து வருசமா இருக்கு சார். மாத்திர போட்டுக்கிட்டு ஒரு எறும்பக்கூட மிதிக்கல. அத நிப்பாட்டச் சொன்னவன் நான். அதையும் எழுதுங்க."

ராக்கம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனார். அதற்கப்புறம் எட்டு மாதம், தெருவில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விரலைவிட அதுதான் அந்தோணிமுத்துவுக்கு வலித்தது.

வழக்கு இன்னும் நடக்கிறது. சிகிச்சையில் தேறிய சங்கிலிக்குப் போன வாரம் ஜாமீன் கிடைத்தது. இன்று காலை, அந்தோணிமுத்து கூப்பாடு போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், ராக்கம்மாள் புருஷனை அழைத்துக்கொண்டு பந்தலுக்குள் குனிந்து வந்தார். மாத்திரை அட்டையை அந்தோணிமுத்துவின் கையில் வைத்தார்.

"வாயத் தெறக்கச் சொல்லிப் பாத்துக்கங்கண்ணே."

அந்தோணிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மாத்திரையைக் கொடுத்து, நாக்கடிவரைக்கும் குனிந்து பார்த்தார். பிறகு கத்திரியை நீட்டினார். சங்கிலி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம் அந்தோணி. கை நடுங்குது."

"நடுங்கட்டும்லே. எந்த பஸ்ஸப் பிடிக்கப் போறோம்?"

சங்கிலி கத்திரியை வாங்கினார். வாய்க்குள்ளேயே சுருளியாண்டவரைக் கூப்பிட்டார். கத்திரியின் வாய் ஆடிக்கொண்டிருந்தது. அந்தோணிமுத்து நான்கு விரல் இடது கையை உயர்த்தி, வெட்டவேண்டிய கிளையை அதன் அருகே ஆடாமல் பிடித்துக்கொண்டார்.