கும்பாவில் கரைந்த கையெழுத்து

வெந்நீரில் ஊறும் தபால்தலைப் பசைக்கு ஆறிப்போன கஞ்சியின் வாடை உண்டு. எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அந்த வாடை அடிக்கும். மெர்சி அக்கா வெண்கலக் 'கும்பா'வில் வெந்நீர் ஊற்றி, பழைய உறைகளின் மூலைகளைக் கத்தரித்துப் போடுவாள். தபால்தலைகள் 'பைய' உரிந்து மேலே வரும்.

கூட்டுறவுச் சங்கத்தில் தட்டச்சராக இருந்த அவள், மனிதர்கள் விண்வெளிக்குப் போகத் தொடங்கிய அந்த முதல் வருடங்களின் தபால்தலைகளை மட்டுமே சேர்த்தாள். சோவியத் நாட்டில் அவளுக்கு ஒரு பேனா சிநேகிதி இருந்தார். அவருடைய கணவர் தரையிறங்கும் விண்கலங்களை மீட்கும் குழுவில் வேலை பார்த்தவர். அக்கா அனுப்பிய சின்னப் பத்தமடைப் பாய்க்குப் பதிலாக அந்த அம்மாள் ஓர் உறையை அனுப்பிவைத்தார். அது விண்கலத்தில் மேலே போய்த் திரும்பிய உறை. அதோடு போய்வந்த விண்வெளி வீரர்கள் இருவரும் அதில் நீல மையில் கையெழுத்திட்டிருந்தார்கள்.

திருநெல்வேலியில் நடக்கவிருந்த தபால்தலைக் கண்காட்சியில் போட்டிக்கு அதை வைக்க அக்கா பெயர் கொடுத்தாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா, அதுவரை இந்தச் சேகரிப்பை ஒரு பொருட்டாகவே நினைக்காதவர், அன்றைக்கென்று லீவு சொல்லிவைத்தார்.

முந்தின வாரம் அக்கா வேலைக்குப் போயிருந்தபோது, பதினோரு வயதுக்காரியான நான் அவளுக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்து, கத்தரிக்க மனம் வராமல், அந்த உறையை முழுதாகவே கும்பாவில் போட்டேன். தபால்தலை உரிந்தது. கையெழுத்துகளும் கரைந்தன. தண்ணீர் வெளிர்நீலமான பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

அக்கா அடிக்கவில்லை. உறையைச் செய்தித்தாள்மேல் பரப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, மேல போயிட்டு வந்தது ஸ்டாம்பு மட்டும் இல்ல. அந்தக் கவரு முழுசும்தான்."



ஆனாலும் அதைக் கண்காட்சியில் வைத்தாள். வெளுத்த உறைக்குக் கீழே, 'என் கவனக்குறைவால் நனைந்தது' என்று தட்டச்சு செய்து ஒட்டியிருந்தாள். நடுவர் அதைப் படித்துவிட்டு, நனைத்தது நீதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். போட்டியில் சேராது என்று குறித்துக்கொண்டு அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே, "இத்தன வருசமா சேக்குதா, இதுகூடவா தெரியாது" என்றார். நான் அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அப்பா அதற்குப் பிறகு அக்காவின் ஆல்பம் எதையும் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை.

இன்று அந்த நாடு வரைபடத்தில் இல்லை. கடிதங்கள் எப்போதோ நின்றுபோயின. அப்பாவும் இல்லை. போன மாதம் வள்ளியூரில் அக்காவைப் பார்க்கப் போனபோது, அப்பாவிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். வாரத்துக்கான மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"எனக்கு ஒரு நா ஏச்சு, அதோட போச்சு. உன்னய ஏசியிருந்தா, நீ பொறவு ஒரு ஸ்டாம்பையும் தொட்டிருக்க மாட்ட."

கல்யாணமாகிப் போகும்போது அவள் எனக்கென்று விட்டுச்சென்ற ஆல்பங்களை நான் ஒருநாளும் திறந்ததில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.