பார்க்காமல் அடித்த ஒரு வரி

கல்யாணமான புதிதில் காலடிப்பேட்டையில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப் ஒன்று என்னிடம் இருந்தது. கல்யாணப் படங்களை அதில்தான் பார்ப்போம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் மாமனார் ஒருநாள் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா மாப்ள, எல்லாம் எறும்பு மாரி கீது" என்றார்.

"ஞாயித்துக்கெழம வாங்க மாமா, பெர்சா காட்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ராயபுரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த நண்பன், ஓரங்கட்டிய பழைய மானிட்டர் ஒன்றைத் தந்தான். அம்மிக்கல் கனம். ஷேர் ஆட்டோவில் மடியில் கட்டிப்பிடித்தபடி வந்தேன்.

ஞாயிறு காலை ஒயரை மாட்டிவிட்டு, படத்தை மானிட்டருக்கு மாற்றும் பட்டனை அழுத்தினேன். லேப்டாப் திரை அணைந்தது. மானிட்டர் ஒருமுறை மினுக்கிவிட்டு அதுவும் கறுத்தது. லேப்டாப் அனுப்பிய படத்தின் அளவு அந்தக் கிழட்டு மானிட்டருக்கு ஒத்துவரவில்லை. அளவைக் குறைக்க ஒரே ஒரு வரி கமாண்டு போதும். நண்பன் சொல்லக் கேட்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன்; அதை அடிக்கும் ஜன்னலும் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் திறந்தே இருந்தது. ஆனால் அடிப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நானோ இரண்டு விரலில் தட்டுகிறவன். நான்கு முறை தட்டினேன், இருட்டு விலகவில்லை. அதற்குள் மாமனார் வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அடுப்படியிலிருந்து என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"நவுருங்க. நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவ. கீபோர்டப் பாத்தா ஸ்கேல்லயே அடிப்பாங்க எங்க மிஸ்."

காகிதத்தை மட்டும் பார்த்தாள். "இந்தச் சின்னக் கோடு ரெண்டு தடவையா?"

"ஆமா, ரெண்டு."

பத்து விரலும் மழைபோல் இறங்கின. கடைசியில் எண்டரைத் தட்டினாள். மானிட்டருக்குள் டொக்கென்று ஒரு சத்தம். திரையில் மணக்கோலத்தில் அவள் முகம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மலர்ந்தது. நான் கத்தியே விட்டேன். மாமனார் கைதட்டினார்.

தாலி கட்டும் படம் வந்தபோது அவள் சட்டென்று திரையில் விரல் வைத்தாள். கூட்டத்துக்குப் பின்னால், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார் மாமனார். சின்னத் திரையில் இது எங்கள் கண்ணில் பட்டதே இல்லை.

"நைனா, அழுதியா நீ?"

"தே, ஓமப் பொகைம்மா அது."

"பொக உனக்கு எதிர்ப்பக்கமால்ல போகுது!"

மூன்று பேரும் சிரித்தோம். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "யாரும் பாக்கலன்னு நெனச்சேன்" என்றார்.

அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். "மாப்ள, மொதல்லேர்ந்து போடு" என்றார். போட்டேன்.