செல்லாத கையெழுத்து

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இருந்தும், தானா ராத்தா டவுனில் ஒரு வங்கியில் கடன் பிரிவுப் பெண் கணினியைத் திருப்பிக் காட்டியபோது, என் பெயரோடு மூன்று மோட்டார்களும் ஒரு லோரியும் ஒட்டிக்கொண்டிருந்தன.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் பெரும்பாலோருக்குக் கொழுந்தின் எடைக்கேற்பக் கூலி. ஒவ்வொரு மாதமும் ஒரே தொகை போட்ட சம்பளச் சீட்டு என்னிடம்தான் இருந்தது. அதனால் தவணையில் மோட்டார் எடுக்கிறவர்கள் ஜாமீன் கையெழுத்துக்கு என் வீட்டுக்கு வருவார்கள். எங்கள் தோட்டத்தில் ஜாமீன் என்பது மொய் மாதிரி. கேட்டால் போடவேண்டும். ஃபாரத்தைப் படிக்கக் கூடாது. படித்தால் வந்தவரைச் சந்தேகப்படுவதாக அர்த்தம். பதினெட்டு வருடம் நான் யாரையும் சந்தேகப்படவில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

வங்கிக்குப் போனது வீட்டுக் கடனுக்காக. பழைய லைனை இடிக்கப் போகிறார்கள். கம்போங் ராஜா பக்கம் கட்டிய மலிவு விலை வீடுகளைத் தோட்டத்து ஆட்களுக்குப் பட்டியல்படி கொடுத்தார்கள். எனக்குப் பதினான்காம் எண் வீடு. மாதக் கடைசிக்குள் வங்கிக் கடிதம் கொடுக்காவிட்டால் அது பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். என் மனைவி சமையலறையில் அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்பதுவரை முடிவு செய்துவிட்டாள்.

"அங்கிள், மோட்டாரெல்லாம் ஓகே. அவங்கவங்க ஒழுங்கா கட்டுறாங்க. இந்த லோரி யாரோடது?"

"என் மச்சினனோடதும்மா."

"ஆனா லோன் உங்க பேர்லதானே இருக்கு? நாலு மாசமா கட்டல."

மச்சினன் லெம்பா பெர்த்தாமில் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் அவனிடம் சம்பளச் சீட்டு கிடையாது. அதனால் கடன் என் பெயரில், லோரி அவனிடம், தவணை அவன் பொறுப்பு. மூன்றாவது விஷயம் எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.

"இந்தக் கடன் ரிப்போர்ட்ல தப்பு இருந்தா திருத்தச் சொல்லி எழுதிக் குடுக்கலாம் அங்கிள். சட்டத்துல எடமிருக்கு" என்றாள் அந்தப் பெண்.

முழுவதும் படித்துப் பார்த்தேன். தப்பே இல்லை. என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் எழுதியதில்லை.

அவள் இரண்டு வழி சொன்னாள். பாக்கியைத் தீர்த்துவிட்டு, பன்னிரண்டு மாதம் தவறாமல் கட்டிக் காட்டவேண்டும். இல்லையென்றால் சுத்தமான ரிப்போர்ட்டும் சம்பளச் சீட்டும் உள்ள ஒருவர் என்னோடு கூட்டாகக் கடன் எடுக்கவேண்டும். மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. எங்கள் குடும்பத்தில் அப்படிச் சுத்தமான ஆள் ஒருவன்தான். என் மச்சினன். இப்போது அவன் ஒரு மொத்தக் கடையில் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறான். தன் பெயரில் அவன் கடனே வாங்கியதில்லை.

என் மனைவி தம்பியை வற்புறுத்தி வங்கிக்கு அழைத்துவந்தாள். ஃபாரத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தான். பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டான்: "இவரு கட்டலன்னா நான் கட்டணுமாம்மா?"

"ஆமா அண்ணே. முழுசும்."

பேனாவை மூடி வைத்தான். "மனசு வரல அத்தான். கோவிச்சுக்காதீங்க லா."

எனக்குக் கோபம் வந்தது. அவனை அறையவேண்டும் போலிருந்தது. பதினெட்டு வருடத்தில் அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டவன் அவன்தான் என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது. என் மனைவி தம்பியிடம் கையை நீட்டி, "லோரி சாவியக் குடு" என்றாள். கொடுத்தான். 

லோரி இப்போது எங்கள் வீட்டு முன்னால் நிற்கிறது. அதையும் எனக்கு ஓட்டத் தெரியாது. விற்க ஆள் தேடிக்கொண்டே மாதத் தவணையை நான்தான் கட்டுகிறேன். வீடு அடுத்த பெயருக்குப் போய்விட்டது.

அடுத்த பெயர், எங்கள் லைனிலேயே நான்காவது வீட்டுக்காரர்; வயதில் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். போன வாரம் ஒரு ஃபாரத்தோடு வந்தார். பதினான்காம் எண் வீட்டுக்குத்தான். வங்கியில் ஜாமீனுக்கு ஆள் கேட்டார்களாம். அவர் மோட்டாருக்கும் நான்தான் போட்டிருந்தேன். என் மனைவி தேநீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"என் கையெழுத்து இப்ப செல்லாதுண்ணே" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். ரிப்போர்ட், லோரி, நான்கு மாதம் எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"வீடு போன வயித்தெரிச்சல்னு நேரா சொல்லிருக்கலாம் கிராணி" என்று சொல்லிவிட்டு, தேநீரைத் தொடாமல் எழுந்து போனார்.